ஹெல்மெட்டின் உட்பக்கம்: ஒரு பூச்சின் வரலாறு

2011 யூலையில் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் விசித்திரமான ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டி வந்தது. 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்தில் வெள்ளைக் கவசத்தோட வாற ஸ்டோம்ட்ரூப்பர் படையினரை எங்களில் கனபேருக்குத் தெரியும். அவர்கள் போடுகிற ஹெல்மெட் ஒரு சிற்பமா, இல்லையா? இதுதான் கேள்வி. அந்த ஹெல்மெட்டுகளைப் படத்துக்காகப் பிளாஸ்டிக்கில் செய்து கொடுத்தவர் அன்ட்ரூ எயின்ஸ்வேர்த். பல வருசம் கழித்து அவர் அதே மாதிரி ஹெல்மெட்டுகளைச் செய்து விற்கத் தொடங்க, ஜோர்ஜ் லூக்கஸின் நிறுவனம் வழக்குப் போட்டது. சிற்பம் எண்டால் நீண்டகாலப் பதிப்புரிமை உண்டு. இல்லையெண்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. நீதிமன்றம் சொன்னது: இது சிற்பம் இல்லை. கலைப்படைப்பு எண்டால் அது அந்தத் திரைப்படம்தான், ஹெல்மெட் அதைத் தயாரிக்கும் வேலையில் பயன்பட்ட ஒரு பொருள். (அமெரிக்கச் சட்டத்தின் கீழான கோரிக்கை வேற கதை, அதை இங்கே விடுவோம்.)

பயன்படும் பொருள் எண்டு சொன்னால் உடனே வரவேண்டிய அடுத்த கேள்வி, அதைத் தலையில் போட்டவருக்கு அது எப்படி இருந்தது எண்டது. அந்தப் படத்திலேயே அதுக்கு ஒரு பதில் இருக்குது. கதவால் உள்ளே வருகிற ஒரு ஸ்டோம்ட்ரூப்பர் மேல்நிலையில் தலையை இடித்துக்கொள்வார். ரசிகர்களுக்கு அது பெரிய பகிடி. 2004இல் டிவிடி வந்தபோது அந்த இடத்தில் ‘டொக்’ எண்ட சத்தத்தையும் சேர்த்துவிட்டார்கள். சிரிக்கலாம்தான். ஆனால் அந்த ஆளுக்கு உள்ளுக்க இருந்து எவ்வளவு தெரிந்திருக்கும் எண்டு யோசித்தால், வேடத் தலைக்கவசங்களின் வரலாற்றை நாங்கள் வெளியில் நிண்டுதான் படித்து வந்திருக்கிறோம் எண்டது விளங்கும்.

இந்தக் கட்டுரை உட்பக்கத்தைப் பற்றியது. இன்னும் சரியாச் சொன்னால், உட்பக்கத்தில் பூசுகிற பூச்சைப் பற்றியது.

ஏன் பூசவேணும்?

இண்டைக்கு கொஸ்பிளே செய்கிற ஆக்கள், அதாவது தங்களுக்குப் பிடித்த பாத்திரத்தின் வேடத்தைத் தாங்களே செய்து போடுகிற ஆக்கள், ஹெல்மெட்டைப் பலவிதமாகச் செய்வார்கள். அதில் பழைய முறை ஃபைபர் கிளாஸ். முதலில் ஓர் அச்சு. அச்சின் உட்சுவரில் வழவழப்பான ஒரு படலம் பூசி, அதுக்கு மேல் கண்ணாடி இழைத் துணியை வைத்து, ரெசின் தடவி, காயவிட்டு, பிறகு அச்சைக் கழற்றுவார்கள். அச்சைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கும். அதுதான் வெளிப்பக்கம், உலகம் பார்க்கிறது. மற்றப் பக்கம் இழைகள் முள்ளுமுள்ளாய் நீட்டிக்கொண்டு, ரெசின் கட்டிகட்டியாய் உறைஞ்சு கிடக்கும். அதுதான் முகத்தைத் தொடுகிறது. தொட்டால் கடி, உரசினால் கீறல், வேர்த்தால் ரெசின் மணம்.

இதுக்குத் தீர்வாகத்தான் ஸ்பிரே இறப்பர் வந்தது. ரின்னில் அடைத்த திரவ இறப்பரை உட்சுவரில் அடித்தால், கரைப்பான் பறந்து போக, மெல்லிய இறப்பர்த் தோல் ஒண்டு மிஞ்சும். முள் மூடுப்படும், வேர்வை ரெசினுக்குள் ஊறாது, துடைக்கலாம், உட்பக்கம் கறுப்பாய் இருப்பதால் கண்ணாடியில் வெளிச்சம் தெறிக்காது. இதில் பேர்போன பிளாஸ்டி டிப் எண்ட அமெரிக்கச் சாமானுக்கும் தலைக்கவசத்துக்கும் ஆரம்பத்தில் ஒரு தொடர்பும் இல்லை. அது குறடு, சாவி போன்ற கருவிகளின் பிடியைத் தோய்த்து எடுக்க வந்த சாமான். கைக்கு வந்ததைத் தலைக்கு எடுத்தவர்கள், ஹெல்மெட்டைச் செய்து தாங்களே போட்ட ஆக்கள்.

இந்தக் கடைசி வசனம்தான் என்னுடைய வாதமும். செய்கிறவரும் போடுகிறவரும் ஒரே ஆளாய் இருந்தால், அல்லது போடுகிறவருடைய சொல்லுக்கு மதிப்பிருந்தால், உட்பக்கம் கவனிக்கப்படும். இல்லையெண்டால் அது அப்படியே கிடக்கும். வரலாற்றில் பின்னுக்குப் போய்ப் பார்த்தால் இது திரும்பத் திரும்ப வருது.

இறப்பருக்கு முதல் வந்த மரப்பால்

உட்பக்கத்தைப் பூசுகிற யோசனை புதுசு இல்லை. ஜப்பானிய சாமுராய்கள் தலையில் போட்டது கபுட்டோ, முகத்தில் கட்டினது மென்போ. இரும்பாலான மென்போவின் உட்பக்கத்தை அரக்குப் பூசி மூடுவார்கள், பெரும்பாலும் சிவப்பு நிறத்தில். முகத்துக்கு ஒரு கோபச் சாயல் வரும் எண்டதுக்காகவே சிவப்பு எண்டு சொல்லுவினம். ஆனால் அரக்கு இல்லையெண்டால் வேர்வை பட்டு இரும்பு துருப்பிடிக்கும், துரு பட்டுத் தோல் புண்ணாகும். நாடிக்குக் கீழே வேர்வை வடிந்து போக ஒரு சின்ன ஓட்டையும் வைத்திருப்பார்கள். கபுட்டோவுக்கு உள்ளே, தலையில் இரும்பு படாமல் துணி விரித்துத் தைத்திருக்கும். போர்க்களத்தில் மணிக்கணக்காய் அதுக்குள் இருக்கப்போகிற ஆள் காசு குடுத்து, தன் அளவுக்குச் செய்வித்த சாமான் அது. உட்பக்கத்தை மறக்க ஏலாது.

நோ நாடகத்திலும் இதைப் பார்க்கலாம். சைப்பிரஸ் வகை மரத்தில் செதுக்கிய நோ முகமூடிகளின் பின்பக்கத்துக்கும் பெரும்பாலும் அரக்குப் பூசியிருக்கும். நடிகரின் மூச்சும் வேர்வையும் மரத்துக்குள் இறங்காமல் அது தடுக்கும். நூற்றாண்டுகள் பழைய முகமூடிகளை இண்டைக்கும் போட்டு ஆடக்கூடியதாய் இருப்பதில் இந்தப் பூச்சுக்கும் பங்கு உண்டு. அந்த முகமூடிகள் நடிப்புக் குடும்பங்களின் சொத்து. போடமுதல் நடிகர் முகமூடிக்குத் தலைவணங்குவார். அதை வைத்திருக்கிறவரும் போடுகிறவரும் ஒரே வீட்டு ஆக்கள்.

அந்த அரக்கு எங்கிருந்து வருகிறது எண்டது சுவாரசியம். உருஷி மரத்தின் பட்டையைக் கீறி, வடிகிற பாலைச் சேர்த்து எடுக்கிறது. பச்சையாய் இருக்கும்போது தோலில் பட்டால் கொப்புளிக்கும். ஈரப்பதனுள்ள இடத்தில் வைத்து நல்லா இறுகின பிறகு தோலுக்குத் தீங்கில்லை. பட்டையைக் கீறி எடுக்கிற பால், ஈரமாய் இருக்கையில் நஞ்சு, காய்ந்தால் காப்பு. இந்த மூண்டும் பிறகு இறப்பர்க் கதையிலும் வரும்.

ஐரோப்பாவில் வேற வழி. அங்கே இரும்புத் தலைக்கவசத்துக்குள் துணியும் தோலும் வைத்துத் தைத்த மெத்தை இருந்தது. அருங்காட்சியகங்களில் உள்ள பழைய தலைக்கவசங்களின் ஓரத்தில் வரிசையாய் ஆணிகள் தெரியும். கனதரம் அவை அந்த மெத்தையைப் பிடித்திருந்த ஆணிகள். மெத்தை உக்கிப் போய்விட்டது, இரும்பு மிஞ்சிவிட்டது. பழைய கிரேக்க நாடக முகமூடிகள் இன்னும் மோசம். துணி, மரம் போன்றவற்றால் செய்ததால் ஒண்டுகூட மிஞ்சவில்லை. எங்களிடம் இருப்பது கல்லிலும் சுடுமண்ணிலும் செய்த உருவங்கள், ஓவியங்கள். எல்லாமே வெளித்தோற்றம். வாய் எப்படித் திறந்திருந்தது எண்டு தெரியும். நெற்றியில் எங்கே அழுத்தினது எண்டு தெரியாது. உட்பக்கம்தான் முதலில் உக்கும், அதால்தான் வரலாற்றிலும் அது குறைவு.

இறப்பர் வந்த வழி

இறப்பர்ப் பாலைப் பூசி நீர் புகாமல் செய்கிற அறிவு அமெரிக்கக் கண்டத்தின் பூர்வீக மக்களுடையது. துணியில் பூசினார்கள், அச்சில் ஊற்றிப் புகைகாட்டிக் காலணி செய்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆய்வாளர் லா கொண்டமின் அமேசன் பக்கம் போய் இதைப் பார்த்து ஐரோப்பாவுக்கு எழுதினார். 1823இல் ஸ்கொட்லாந்தின் சார்ள்ஸ் மக்கின்டோஷ், நிலக்கரித் தாரில் இருந்து எடுத்த நப்தாவில் இறப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவில் பூசி, மழைக்கோட்டுத் துணிக்குக் காப்புரிமை எடுத்தார். இறப்பரைக் கரைப்பானில் கரை, பூசு, கரைப்பான் பறக்கவிடு. இண்டைய ஸ்பிரே ரின்னுக்குள் நடக்கிறதும் அடிப்படையில் இதுதான். அந்தக் காலத்து இறப்பருக்கு ஒரு வில்லங்கம் இருந்தது: வெயிலில் ஒட்டும், குளிரில் வெடிக்கும். 1839இல் சார்ள்ஸ் குட்இயர் கந்தகத்தோட சூடாக்கும் முறையைக் கண்டுபிடித்ததோட அது தீர்ந்தது.

எங்கட நாடு இந்தக் கதைக்குள் வாறது 1876இல். அந்த வருசம் ஹென்றி விக்கம் பிரேசிலில் இருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார். முளைத்தது ஏறத்தாழ 2,700 மட்டும். அதில் பெரும்பங்கு, 1,900 அளவான கன்றுகள், இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவின் ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு அதுவும் ஒரு தொடக்கம். 20ஆம் நூற்றாண்டில் கேகாலை, களுத்துறை, இரத்தினபுரி எண்டு தோட்டங்கள் பரவின. விடியமுதல் எழும்பி, மரத்துக்கு மரம் போய்ப் பட்டை கீறிப் பால் எடுத்தவர்களில் சிங்களக் கிராமத்தவர்களும் இருந்தார்கள், இந்தியாவில் இருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களும் இருந்தார்கள். 1942இல் மலாயாவும் டச்சு கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானிடம் விழ, நேச நாடுகளுக்கு மிஞ்சின முக்கிய இயற்கை இறப்பர் ஊற்று இலங்கை. மரத்தின் ஆயுளைப் பார்க்காமல் வெட்டி வெட்டிப் பால் எடுத்தார்கள். யுத்தம் முடிந்து மூண்டு வருசத்தில், 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. உலகம் போட்ட சாமானின் கணக்கில் டயரும் சப்பாத்தும் வந்தன. பால் எடுத்த ஆக்கள் அந்தக் கணக்கில் வரவில்லை.

மூண்டு நடிகர்கள்

1929இல் பிரிட்டனின் டன்லொப் நிறுவனத்தில் இறப்பர்ப் பாலை நுரையாய் அடித்து இறுகவைக்கும் முறை வந்தது. பத்து வருசத்துக்குள் அது ஹொலிவூட்டுக்குப் போயிற்று. 1939இன் ‘த விஸார்ட் ஒஃப் ஓஸ்’ படத்தில் சோளக்கொல்லைப் பொம்மையாய் நடித்த ரே போல்ஜரின் முகத்தில் நுரை இறப்பரால் செய்த முகமூடி ஒட்டப்பட்டது. படப்பிடிப்பு முடிந்த பிறகும் அதன் கோடுகள் அவருடைய முகத்தில் நீண்டகாலம் இருந்தன. சிங்கமாய் நடித்த பேர்ட் லாருக்கு உண்மையான சிங்கத்தோலில் தைத்த உடுப்பு, ஏறத்தாழ 40 கிலோ. டெக்னிகலர் படத்துக்குத் தேவையான விளக்குகளுக்குக் கீழே அந்தத் தளம் அடுப்பு மாதிரிக் கொதித்தது. ஒவ்வொரு இரவும் அந்த உடுப்பின் வேர்வையைக் காயவைக்கிறதே தனி வேலை.

இதிலும் மோசமானது தகர மனிதன் கதை. அந்தப் பாத்திரத்துக்கு முதலில் எடுக்கப்பட்டவர் படி எப்சன். முகத்தில் அலுமினியத் தூள் பூசினார்கள். சில நாட்களில் மூச்சு எடுக்க முடியாமல் அவர் வைத்தியசாலைக்குப் போகவேண்டி வந்தது. அவருடைய இடத்துக்கு ஜாக் ஹேலியைப் போட்டு, தூளுக்குப் பதில் அலுமினியப் பசையைப் பூசினார்கள். பூச்சு மாறினதுதான். ஆனால் ஒரு ஆள் விழுந்த பிறகுதான் மாறினது. கமராவுக்கு மினுக்கம் சரியா எண்டு முதல் நாளே பார்த்திருப்பார்கள். நுரையீரலுக்கு என்ன நடக்கும் எண்டதை எப்சனின் உடம்புதான் சொல்லவேண்டி வந்தது.

இரண்டாவது ஆள் ஹருவோ நக்கஜிமா. 1954இல் வந்த முதல் ‘கொட்ஸில்லா’ படத்தில் அந்த மிருகத்துக்குள் இருந்தவர். முதலில் செய்த உடுப்பு ஏறத்தாழ 100 கிலோ. அதைப் போட்டுக்கொண்டு நடக்கவே ஏலாமல் போக, இன்னொண்டு செய்தார்கள். பழையதைத் துண்டாக்கிச் சில காட்சிகளுக்குப் பாவித்தார்கள். மூங்கில், கம்பி, துணி, அதுக்கு மேல் இறப்பர். உள்ளுக்க சூடும் வேர்வையும். அப்படியிருந்தும் அவர் 1972 வரை 12 கொட்ஸில்லா படங்களில் உள்ளுக்க இருந்தார். மிருகத்தின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும்.

மூண்டாவது ஆள் இத்தாலியின் மார்ச்செல்லோ மொரெட்டி, இவருடைய கதை கொஞ்சம் வேற. 1947இல் மிலான் நகரத்தின் பிக்கொலோ தியேட்டரில் ஜோர்ஜியோ ஸ்ட்ரேலர் பழைய கொமெடியா நாடக மரபை மேடையேற்றினபோது, ஆர்லெக்கினோ எண்ட வேலைக்காரனாய் நடித்தவர் மொரெட்டி. அப்ப கிடைத்த கடதாசி மட்டை முகமூடிகள் முகத்தைக் குத்தின, வேர்வையில் கரைந்தன. மொரெட்டி போடமாட்டேன் எண்டார். முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு ஆடினார். அவர் அந்த நாடகத்தின் உயிர், அவருடைய மறுப்பைத் தட்டிக்கழிக்க ஏலாது. பிறகு பாதுவா நகரத்துச் சிற்பி அம்லேத்தோ சார்த்தோரி, மரத்தில் அச்சுச் செதுக்கி, நனைத்த தோலை அதன்மேல் இழுத்துத் தட்டித்தட்டி, முகத்தோட ஒட்டி நிற்கிற தோல் முகமூடிகளைச் செய்தார். மறந்துபோன ஒரு கைவினையே அதோட திரும்பி வந்தது. மொரெட்டியும் முகமூடி போட்டார்.

எப்சனுக்கும் மொரெட்டிக்கும் உள்ள வித்தியாசம் பொருளில் இல்லை. மாட்டேன் எண்டு சொல்லக்கூடிய இடத்தில் ஒருவர் இருந்தார், மற்றவர் இல்லை.

ரின்னும் ரசிகர்களும்

ஸ்பிரே இறப்பருக்கு இரண்டு சாமான் தேவை: செயற்கை இறப்பர், ஸ்பிரே ரின். இரண்டையும் பெருக்கினது இரண்டாம் உலக யுத்தம்தான். ஆசிய இறப்பர் கைவிட்டுப் போக, அமெரிக்கா பெற்றோலியத்தில் இருந்து செயற்கை இறப்பரைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. ஸ்பிரே ரின் யோசனை 1920களில் நோர்வேயின் எரிக் ரொத்தெய்ம் எண்ட பொறியியலாளருடையது. ஆனால் அது பரவினது மலேரியா நுளம்பை அடிக்க அமெரிக்கப் படையினருக்குக் குடுத்த மருந்து ரின்னாகத்தான். 1949இல் எட்வேர்ட் சீமோர் அதே மாதிரி ரின்னுக்குள் பெயின்டை அடைத்தார். பெயின்ட் போற ரின்னுக்குள் இறப்பரும் போகும். ஆக இண்டைக்கு ஹெல்மெட்டுக்குள் அடிக்கிற ‘இறப்பர்’ பெரும்பாலும் மரத்தில் இருந்து வருவதில்லை. மரம் கைவிட்டுப்போன ஒரு யுத்தத்தின் பிள்ளை அது.

ரசிகர்கள் வேடம் போடுகிற பழக்கத்தின் தொடக்கத்தை 1939 நியூயோர்க் உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் வைப்பார்கள். ஃபொரஸ்ட் அக்கர்மனும் மேர்ட்டில் டக்ளஸும் எதிர்காலத்து உடுப்புப் போட்டுக்கொண்டு போனார்கள். பேர் அக்கர்மனுக்குப் போனது, உடுப்புத் தைத்தது மேர்ட்டில். 1997இல் அமெரிக்காவில் தொடங்கிய 501ஆவது லீஜியன், ஸ்டோம்ட்ரூப்பர் உடுப்பை ஒரு பெரிய ரசிகர் அமைப்பாய் ஆக்கியது. சிறுவர் வைத்தியசாலைகளுக்கும் தொண்டு நிகழ்ச்சிகளுக்கும் போவார்கள். இங்கதான் திருப்பம். படத்தில் நடித்தவர் ‘கட்’ சொன்னவுடன் ஹெல்மெட்டைக் கழற்றலாம். ரசிகர் அரைநாள் போட்டுக்கொண்டு நிற்கவேணும், அதுவும் தன் காசில், தான் செய்ததை. அதனால் மெத்தை, சின்ன விசிறி, இறப்பர்ப் பூச்சு எண்டு உட்பக்கம் பற்றிய அறிவு அவர்களுக்குள்தான் வளர்ந்தது. சாமுராய் காலத்துக்குப் பிறகு செய்விக்கிற தலையும் போடுகிற தலையும் திரும்ப ஒண்டாகின.

கொழும்பில் கொமிக் கொன் பார்த்துவிட்டு இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு, அந்த அனுபவத்தில் இருந்து சில விசயம். பூசமுதல் நீட்டிக்கொண்டிருக்கிற இழைகளை மட்டத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் தூசியைத் துடைக்கவேணும். கண்ணாடிப் பகுதியை ரேப் ஒட்டி மூடவேணும். தடிப்பாய் ஒருதரம் அடிக்காமல் மெல்லிசாய்ப் பலதரம் அடித்து, ஒவ்வொண்டும் காய இடைவெளி விடவேணும். ரெஜிபோம் உள்ள இடத்தில் அடித்தால் கரைப்பான் அதைத் தின்றுவிடும். பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக்கில் சரியா ஒட்டாது, உரிஞ்சு வரும். முக்கியமாய், திறந்த வெளியில், இரசாயன ஆவியைத் தடுக்கிற வடிகட்டி உள்ள முகக்கவசத்தோட அடிக்கவேணும். துணி மாஸ்க் இதுக்குப் போதாது. மணம் முற்றாய்ப் போக நாட்கள் எடுக்கும், அதுவரைக்கும் தலையில் போடக்கூடாது. ஈரமாய் இருக்கையில் நஞ்சு எண்டது உருஷிக்கு மட்டும் உரிய விதி இல்லை. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்குள் இதை அடிக்கவே கூடாது. உயிரைக் காக்கிற நுரையை அந்தக் கரைப்பான் பழுதாக்கும். பூச்சு தோலைத்தான் காக்கும், மண்டையைக் காக்காது.

வரலாறு படிக்கிற எங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்குது. வடமோடிக் கூத்தின் முடி பற்றி எழுதினவர்கள் அதன் கண்ணாடிகளையும் நிறங்களையும் விவரித்திருக்கிறார்கள். விடியவிடிய அதைத் தலையில் வைத்து ஆடின அண்ணாவிமாரும் கூத்தர்களும் இன்னும் எங்கட ஊர்களில் இருக்கிறார்கள். முடிக்கு உள்ளே என்ன வைத்துக் கட்டினீங்கள், எங்கே அழுத்தினது, வேர்வைக்கு என்ன செய்தீங்கள் எண்டு அவர்களிடம் கேட்டுப் பதியலாம். முடி ஒருநாள் அருங்காட்சியகத்துக்குப் போகும். அப்போது உள்ளே இருந்த துணி உக்கிப் போயிருக்கும், பதில் தெரிந்த ஆளும் இருக்கமாட்டார்.